கட்டுமரத்தின் பெயரைச் சுமக்கும் படகு: சர்வதேசப் பாய்ப்படகோட்டத்தில் கற்றமரானின் இடம்

தமிழ் மொழியிலிருந்து உலகின் ஏனைய மொழிகளுக்குச் சென்று நிலைபெற்ற சொற்கள் மிகச் சிலவே. அவற்றுள் கட்டுமரம் என்பதும் ஒன்று. கற்றமரான் என்ற வடிவில் அது இன்று உலகின் எந்தத் துறைமுகத்திலும் விளங்கிக்கொள்ளப்படுகின்றது. 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பாரிஸ் ஒலிம்பிக் விழாவின் பாய்ப்படகோட்டப் போட்டிகள் பிரான்ஸின் மார்செய் நகரில் இடம்பெற்றபோது, இத்தாலியின் ருக்கேரோ டீட்டா, கத்தரீனா பான்டி ஆகிய இருவரும் தொடர்ந்து இரண்டாவது தடவையாகத் தங்கப் பதக்கம் வென்றதும் இத்தகைய படகொன்றிலேயே ஆகும்.

எனினும் அந்த ஒலிம்பிக் விழாவில் பாய்ப்படகோட்டத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்த பத்துப் போட்டிகளுள் ஒன்று மாத்திரமே கற்றமரானுக்கு உரியதாக இருந்தது. அந்த ஓரிடமும் 2012ஆம் ஆண்டு லண்டன் விழாவில் இருக்கவில்லை. மறுபுறத்தில், உலகின் மிகப் பழைமையான விளையாட்டுக் கிண்ணங்களுள் ஒன்றான அமெரிக்கக் கிண்ணம் 2013ஆம் ஆண்டிலும் 2017ஆம் ஆண்டிலும் முற்றுமுழுதாகக் கற்றமரான்களாலேயே போட்டியிடப்பட்டு, பின்னர் அவற்றைக் கைவிட்டது. பாயின் வலுவால் இயங்கும் படகுகளுள் மிக வேகமானவற்றுள் ஒன்றாக இருந்தும், இப்படகு மேடைக்கு அழைக்கப்படுவதும் பின்னர் வெளியேற்றப்படுவதும் ஏன் என்ற வினா எழுவது இயல்பே. ஒரு விளையாட்டின் விதிகளை வகுப்பவர் யார், அவ்விதிகளால் நன்மை பெறுபவர் யார் என்ற பொதுவான வினாவும் இதனுள் அடங்கியிருப்பதனாலேயே நாம் இவ்விடயத்தை இங்கு ஆராய விரும்புகின்றோம்.

சொல் வேறு, படகு வேறு

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியமாகும். எமது கரையோரங்களில் கட்டுமரம் என்று வழங்கப்படுவது மிதக்கும் இயல்புள்ள மென்மரங்கள் சிலவற்றைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் பிணைத்த மிதவையாகும். அதற்கு உட்குழிவு கிடையாது. அலை அதன் மேலாக வந்து வழிந்தோடிவிடும். தொழில் முடிந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைக் கரையில் உலரவிடலாம். இதற்கு மாறாக, இன்று போட்டிகளில் ஈடுபடும் கற்றமரான் என்பது ஒடுங்கிய இரு படகுடல்களைச் சற்றுத் தூர இடைவெளியில் நிறுத்தி, குறுக்குச் சட்டங்களால் இணைத்து, நடுவே பாய்மரம் நாட்டப்பட்ட இரட்டையுடல் படகாகும். இதன் உண்மையான மூதாதையர் பசுபிக் சமுத்திரத்தின் பொலினீசியத் தீவு மக்கள் ஆயிரக்கணக்கான மைல்கள் கடந்து செல்லப் பயன்படுத்திய இரட்டை வள்ளங்களே.

அவ்வாறாயின் தமிழ்ப் பெயர் எவ்வாறு வந்தது? பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைக்கு வந்த ஆங்கிலேயக் கடலோடிகள் இங்கு கண்ட மிதவையின் பெயரைத் தமது குறிப்புகளில் எழுதிக்கொண்டனர். 1697ஆம் ஆண்டு வெளியான வில்லியம் டாம்பியரின் உலகப் பயண நூலிலும் இச்சொல் இடம்பெற்றுள்ளது. அதன் பின்னர் ஆங்கிலேயர் இச்சொல்லை மரங்கள் பிணைக்கப்பட்ட எந்த மிதவைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாயினர். 1804ஆம் ஆண்டு பிரான்ஸின் பூலோன் துறைமுகத்தில் நின்ற நெப்போலியனின் படகுகளைத் தாக்குவதற்குப் பிரித்தானியக் கடற்படை மிதக்கவிட்ட வெடிபொருட் பெட்டிகளுக்கும் அவர்கள் இட்ட பெயர் இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இச்சொல் இரட்டையுடல் படகைக் குறிக்கும் சொல்லாக நிலைபெற்றது. பொலினீசியரின் படகும் தமிழரின் சொல்லும் ஐரோப்பியரின் கையில் ஒன்றாகின எனலாம்.

ஐரோப்பாவில் இரட்டையுடல் படகைக் கட்டிப் பார்த்தவர்களுள் முக்கியமானவர் பொருளியல் அறிஞராக அறியப்படும் சேர் வில்லியம் பெட்டி ஆவார். 1662ஆம் ஆண்டு டப்ளின் நகரில் அவர் கட்டிய படகு ஏனைய படகுகளைப் போட்டியில் முந்தியது. ஆயினும் கடல்சார் உலகம் அதனை ஒரு விந்தையாகவே நோக்கியது. அந்த நோக்கு மாறுவதற்கு மேலும் மூன்று நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

வேகத்தின் இரகசியம்

கற்றமரான் ஏன் வேகமாகச் செல்கின்றது என்பதை விளங்கிக்கொள்ளாமல் அதன் போட்டி வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது.

பாயில் விழும் காற்று படகை முன்தள்ளுவதுடன் பக்கவாட்டில் கவிழ்க்கவும் முனைகின்றது. ஒற்றையுடல் கொண்ட பெரும் பந்தயப் படகுகள் இதனைத் தடுப்பதற்கு அடியில் தொன் கணக்கான ஈயத்தைச் சுமக்கின்றன. அந்தப் பாரமே படகின் வேகத்துக்குத் தடையாகவும் அமைகின்றது. கற்றமரானோ கவிழாமல் நிற்பதற்குப் பாரத்தை நம்பியிருக்கவில்லை. அதன் அகலத்தையே நம்பியிருக்கின்றது. இரண்டு காலையும் அகற்றி ஊன்றி நிற்பவரைத் தள்ளி வீழ்த்துவது கடினம் என்பதைப் போன்றதே இது. பாரம் இல்லாததால் படகு இலேசானது. உடல்கள் ஒடுங்கியவை என்பதால் நீரைக் கிழித்துச் செல்லும்போது எழும் அலையும் சிறியது. சாதாரண படகொன்று தன் நீளத்துக்கேற்ப எழுப்பும் அலையினுள்ளேயே அகப்பட்டு, ஓர் எல்லைக்கு அப்பால் வேகமெடுக்க இயலாது தடுமாறும். கற்றமரான் அந்த எல்லையை இலகுவில் தாண்டிவிடுகின்றது.

இரண்டாவது காரணம் காற்றைப் பற்றியது. சைக்கிளில் விரைந்து செல்பவர் காற்றில்லாத நாளிலும் முகத்தில் காற்றை உணர்கின்றார். அதேபோன்று, விரைந்து செல்லும் படகு தன் வேகத்தாலேயே மேலும் காற்றை உருவாக்கிக்கொள்கின்றது. இயற்கையான காற்றும் இந்தக் காற்றும் சேர்ந்தே பாயில் விழுகின்றன. எனவே படகு காற்றின் வேகத்தையும் விஞ்சிச் செல்ல முடிகின்றது.

மூன்றாவது காரணம் அண்மைக்காலத்துக்குரியது. படகின் அடியில் விமானச் சிறகைப் போன்ற தகடுகள் பொருத்தப்படுகின்றன. படகு வேகமெடுத்ததும் இவை நீரினுள்ளே உயர்த்துவிசையைப் பிறப்பித்து முழுப் படகையும் நீருக்கு மேலே தூக்கிவிடுகின்றன. அப்போது நீரில் எஞ்சியிருப்பவை மெல்லிய தகடுகளும் சுக்கான்களும் மாத்திரமே. துணிப் பாய்க்குப் பதிலாக விமான இறக்கையை நிமிர்த்தி வைத்தது போன்ற விறைப்பான பாயும் பெரும் போட்டிகளில் பயன்படுத்தப்பட்டது.

இவற்றுக்கு உரிய விலையும் உண்டு. ஒற்றையுடல் படகு சாய்ந்தால் அதன் அடிப்பாரம் அதனை மீண்டும் நிமிர்த்திவிடும். பெரிய கற்றமரான் ஒன்று கவிழ்ந்தால் பிறர் உதவியின்றி நிமிர்வது அரிது. காற்றுக்கு எதிராகத் திசை மாற்றும்போது அதன் இலேசான உடல் விசையை இழந்து தயங்கி நின்றுவிடுவதும் உண்டு. திசைமாற்றமும் எதிராளியின் காற்றை மறிக்கும் தந்திரமுமே பாய்ப்படகோட்டத்தின் உயிர் என்று கருதும் மரபாளர்கள் இப்படகை நெடுங்காலம் ஏற்க மறுத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

வென்றதால் விலக்கப்பட்ட படகு

1876ஆம் ஆண்டு அமெரிக்கா தனது சுதந்திரத்தின் நூற்றாண்டைக் கொண்டாடியபோது நியூயோர்க்கில் ஒரு படகுப் போட்டி நடத்தப்பட்டது. நதானியேல் ஹெரஷோப் என்ற இளம் வடிவமைப்பாளர் அமரில்லிஸ் எனும் இரட்டையுடல் படகுடன் வந்து ஏனையோரை எளிதில் பின்தள்ளினார். தோற்றவர்கள் முறைப்பாடு செய்தனர். அது படகே அல்ல என்ற தோரணையில் அமரில்லிஸ் தகுதிநீக்கம் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு ஹெரஷோப் தனது வடிவமைப்புக்குக் காப்புரிமை பெற்றபோதிலும், பிரதான போட்டிகளின் கதவுகள் அதற்குத் திறக்கவில்லை. அவர் வேறு வழியின்றி ஒற்றையுடல் படகுகளின் பக்கம் திரும்பினார். 1893ஆம் ஆண்டு முதல் 1920ஆம் ஆண்டு வரை அமெரிக்கக் கிண்ணத்தைக் காத்துக்கொடுத்த படகுகள் அனைத்தும் அவர் வடிவமைத்தவையே என்பது குறிப்பிடத்தக்கது. மேதைமைக்கு மதிப்பளித்த அதே சமூகம் அம்மேதையின் மிக வேகமான படைப்பை மாத்திரம் வாசலில் நிறுத்திவைத்தது.

இரண்டாம் உலகப் போரின் பின்னரே நிலைமை மாறியது. 1947ஆம் ஆண்டு ஹவாயில் வூடி பிரவுண் என்பவர் தனது நண்பர்களுடன் சேர்ந்து பொலினீசிய வள்ளத்தை முன்மாதிரியாகக் கொண்டு மனு கை என்ற கற்றமரானைக் கட்டினார். 1950களில் இங்கிலாந்தின் கன்வி தீவில் புரவுட் சகோதரர்கள் சிறிய பந்தயக் கற்றமரான்களைத் தயாரிக்கத் தொடங்கினர். 1961ஆம் ஆண்டு பிரித்தானியருக்கும் அமெரிக்கருக்கும் இடையே, சிறிய அமெரிக்கக் கிண்ணம் என்று அழைக்கப்படலான கற்றமரான் போட்டி ஆரம்பமாயிற்று. நீளம், அகலம், பாயின் பரப்பு என்பவற்றைத் தவிர வேறு கட்டுப்பாடு ஏதும் அற்ற இப்போட்டி ஒரு பரிசோதனைக்கூடமாகவே விளங்கியது. பின்னாளில் பெரும் படகுகளில் உலகம் வியந்து நோக்கிய விறைப்பான சிறகுப் பாய் இங்கேதான் பல்லாண்டுகளாகச் செம்மைப்படுத்தப்பட்டது. 1960களின் இறுதியில் கலிபோர்னியாவின் ஹோபி ஆல்டர் அறிமுகப்படுத்திய கடற்கரைக் கற்றமரான்கள், துறைமுகமோ இறங்குதுறையோ இன்றி மணலிலிருந்தே தள்ளிச் செல்லக்கூடியவையாக அமைந்து, இவ்விளையாட்டைச் செல்வந்தர் கழகங்களுக்கு வெளியே கொண்டுவந்தன.

ஒலிம்பிக்கில் ஒன்பது தடவைகள்

1967ஆம் ஆண்டு சர்வதேசப் படகோட்டச் சங்கம் இருவர் செலுத்தும் கற்றமரான் ஒன்றைத் தெரிவுசெய்வதற்காக இங்கிலாந்தில் சோதனைப் போட்டிகளை நடத்தியது. ரொட்னி மார்ச் வடிவமைத்த டொர்னாடோ என்ற படகு ஏனையவற்றை விஞ்சியது. 6.1 மீற்றர் நீளமும் சுமார் 3 மீற்றர் அகலமும் கொண்ட இப்படகு, 1976ஆம் ஆண்டு மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. கனடாவின் கிங்ஸ்டனில் நடைபெற்ற அப்போட்டியில் பிரித்தானியாவின் ரெக் வைட், ஜோன் ஒஸ்போர்ன் ஆகியோர் முதலாவது தங்கத்தைப் பெற்றனர். இந்த ரெக் வைட் டொர்னாடோவை உருவாக்குவதில் பங்குகொண்டவருமாவார்.

அன்று தொட்டு 2008ஆம் ஆண்டு வரை ஒன்பது ஒலிம்பிக் விழாக்களில் டொர்னாடோ ஓடியது. அதன் தங்கப் பதக்கங்கள் பிரித்தானியா, பிரேசில், நியூஸிலாந்து, பிரான்ஸ், ஸ்பெயின், ஒஸ்திரியா ஆகிய நாடுகளுக்குச் சென்றன. இவற்றுள் ஒஸ்திரியா எமது கவனத்துக்குரியது. கடற்கரை அறவே இல்லாத அந்நாட்டின் ரோமன் ஹகாரா, ஹன்ஸ் பீற்றர் ஸ்டைனாகர் ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டு சிட்னியிலும் 2004ஆம் ஆண்டு ஏதென்ஸிலும் அடுத்தடுத்துத் தங்கம் வென்றனர். மலைகளால் சூழப்பட்ட நாட்டின் ஏரிகளில் பழகியவர்கள் கடலில் வென்றார்கள் என்றால், கடல் இருப்பது மாத்திரம் போதாது, அதனைப் பயன்படுத்தும் ஒழுங்கமைப்பே முக்கியம் என்பது தெளிவாகின்றது.

2007ஆம் ஆண்டு நவம்பர் மாதம் போர்த்துக்கலின் எஸ்தொரில் நகரில் கூடிய சர்வதேசப் பாய்ப்படகோட்டச் சம்மேளனம், 2012ஆம் ஆண்டு ஒலிம்பிக்குக்கான போட்டிகளைப் பதினொன்றிலிருந்து பத்தாகக் குறைக்க வேண்டியிருந்தது. வாக்கெடுப்பில் வெளியேற்றப்பட்டது கற்றமரானே. அதிக வரலாறு கொண்டதும் அடிப்பாரம் சுமப்பதுமான ஸ்டார் என்ற ஒற்றையுடல் படகு தக்கவைக்கப்பட்டது. பார்வையாளரைக் கவரும் வேகம் வேண்டும் என்று ஒலிம்பிக் இயக்கம் வலியுறுத்திவந்த காலத்தில், மிக வேகமான படகே நீக்கப்பட்டமை பலத்த கண்டனத்துக்குள்ளாகியது. ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் தனக்குப் பதக்க வாய்ப்புள்ள படகைக் காப்பதிலேயே கண்ணாயிருக்கும் சபையொன்றில், குறைந்த நாடுகள் ஈடுபடும் பிரிவு பலியாவது தவிர்க்க முடியாததாகின்றது. வாக்குகளின் எண்ணிக்கையே அங்கு தீர்ப்பாகியது எனலாம்.

இம்முடிவு நீடிக்கவில்லை. 2011ஆம் ஆண்டு கற்றமரான் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது; ஆனால் புதிய நிபந்தனையொன்றுடன். ஒரு படகில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைந்தே போட்டியிட வேண்டும் என்பதே அந்நிபந்தனையாகும். 2012ஆம் ஆண்டு நடத்தப்பட்ட சோதனைகளின் பின்னர் 5.25 மீற்றர் நீளமான நக்ரா 17 என்ற படகு தெரிவாயிற்று. பெரும்பாலும் ஆண்களே ஆதிக்கம் செலுத்திய ஒரு பிரிவு, ஆணும் பெண்ணும் சமமாக அமரும் பிரிவாக மாறித் திரும்பிவந்தது. ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் போட்டிகள் பெருகுவதற்கு முன்னரே எட்டப்பட்ட இம்முடிவு வரவேற்கத்தக்கது என்பதே எமது கருத்தாகும்.

2016ஆம் ஆண்டு ரியோவில் நக்ரா 17 படகின் முதலாவது தங்கத்தை ஆர்ஜென்டீனாவின் சந்தியாகோ லாங்கே, செசிலியா கரன்சா ஆகியோர் வென்றனர். அப்போது லாங்கேயின் வயது 54. முந்திய ஆண்டில் புற்றுநோய் காரணமாக அவரது நுரையீரலில் சத்திரசிகிச்சை மேற்கொள்ளப்பட்டிருந்தது. அதே விழாவில் அவரது புதல்வர் இருவரும் வேறொரு பாய்ப்படகுப் பிரிவில் போட்டியிட்டனர். 2004ஆம் ஆண்டிலும் 2008ஆம் ஆண்டிலும் டொர்னாடோவில் வெண்கலம் பெற்ற இவர், கற்றமரான் நீக்கப்பட்டிருந்த 2012ஆம் ஆண்டு விழாவில் பங்குகொள்ளவில்லை. சபையொன்றின் வாக்கெடுப்பு தனிமனிதரின் வாழ்வில் எத்தனை ஆண்டுகளை விழுங்கிவிடும் என்பதற்கு இதனைவிட வேறு சான்று தேவையில்லை.

2020ஆம் ஆண்டுக்குரியதாகி 2021ஆம் ஆண்டில் நடைபெற்ற டோக்கியோ விழாவிலிருந்து நக்ரா 17 நீருக்கு மேல் எழுந்து பறக்கும் வடிவில் ஓடுகின்றது. டீட்டா, பான்டி இணையின் இரு தங்கங்களும் இவ்வடிவிலேயே பெறப்பட்டன. 2028ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் விழாவுக்கான பட்டியலிலும் இப்பிரிவு இடம்பெற்றுள்ளது.

அமெரிக்கக் கிண்ணம்: நீதிமன்றத்திலிருந்து வானளாவிய சிறகு வரை

1851ஆம் ஆண்டு தொடங்கிய அமெரிக்கக் கிண்ணத்துடன் இலங்கைக்கு ஒரு மறைமுகமான தொடர்பு உண்டு. 1899ஆம் ஆண்டுக்கும் 1930ஆம் ஆண்டுக்கும் இடையே ஐந்து தடவைகள் ஷம்ரொக் என்ற பெயருடைய படகுகளை அனுப்பி, ஐந்து தடவைகளும் தோல்வியுற்றவர் தேயிலை வணிகர் சேர் தோமஸ் லிப்டன் ஆவார். ஹப்புத்தளை மலைகளில் அவரது தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளரின் வியர்வையும் அந்தப் படகுகளின் பாய்களில் சேர்ந்திருந்தது என்று கூறினால் அது மிகையாகாது. பெருஞ்செல்வர்களின் விளையாட்டு என்ற அக்கிண்ணத்தின் இயல்பு இன்றும் மாறவில்லை.

அக்கிண்ணத்தைக் கற்றமரான் அடைந்தது வழக்கொன்றின் ஊடாகவே. நியூஸிலாந்தின் மைக்கல் பே என்ற வங்கியாளர், கிண்ணத்தின் மூலப் பத்திரத்தைத் துருவி ஆராய்ந்து, மிகப் பெரிய ஒற்றையுடல் படகொன்றுடன் சவால் விடுத்தார். பதிலடியாக அமெரிக்காவின் டெனிஸ் கொன்னர் 1988ஆம் ஆண்டு சான் டியாகோவில் 60 அடிக் கற்றமரானைக் களமிறக்கி இலகுவாக வென்றார். இது நியாயமான போட்டியல்ல என்று கூறி நியூயோர்க் நீதிமன்றம் 1989ஆம் ஆண்டு கிண்ணத்தை நியூஸிலாந்துக்கு வழங்கத் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டு, 1990ஆம் ஆண்டு அது இறுதியாக உறுதிசெய்யப்பட்டது. பத்திரத்தில் கற்றமரான் தடைசெய்யப்படவில்லை என்பதே நீதிமன்றத்தின் முடிவின் சாரமாகும். ஹெரஷோப்புக்கு 1876ஆம் ஆண்டில் மறுக்கப்பட்ட நியாயம் நூறாண்டுகளுக்குப் பின்னர், அதுவும் தந்திரமான ஒரு சந்தர்ப்பத்தில், வழங்கப்பட்டது.

2010ஆம் ஆண்டு ஸ்பெயினின் வலென்சியாவில் சுவிட்சர்லாந்தின் அலிங்கி கற்றமரானை, அமெரிக்கக் கோடீஸ்வரர் லாரி எலிசனின் மூவுடல் படகு வென்றது. எலிசனின் ஒரக்கிள் அணி அடுத்த போட்டியை 72 அடிக் கற்றமரான்களுக்கு உரியதாக அறிவித்தது. நியூஸிலாந்து அணியினர் அந்த இராட்சதப் படகை நீருக்கு மேல் பறக்கவைக்கும் வழியைக் கண்டறிந்தனர். ஆயினும் இவ்வேகத்துக்கு உயிர்ப்பலியும் கொடுக்க நேர்ந்தது. 2013ஆம் ஆண்டு மே 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ குடாவில் பயிற்சியின்போது சுவீடனின் ஆர்ட்டிமிஸ் அணியின் படகு கவிழ்ந்து உடைந்ததில், பீஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரித்தானிய வீரர் அன்ட்ரூ சிம்சன் உயிரிழந்தார். செலவும் அபாயமும் மிகுந்த அந்தப் போட்டிக்கு மூன்று சவாலர்கள் மாத்திரமே முன்வந்திருந்தனர்.

அவ்வாண்டு செப்டெம்பரில் நடைபெற்ற இறுதித் தொடர் விளையாட்டு வரலாற்றில் மறக்கவொண்ணாதது. ஒன்பது வெற்றிகள் பெற்றால் கிண்ணம் என்ற நிலையில் நியூஸிலாந்து 8-1 என முன்னணியில் நின்றது. விதிமீறலுக்காக இரு புள்ளிகள் குறைக்கப்பட்ட நிலையில் தொடங்கியிருந்த ஒரக்கிள் அணி, அதன் பின்னர் தொடர்ச்சியாக எட்டு ஓட்டங்களை வென்று 9-8 எனக் கிண்ணத்தைத் தக்கவைத்தது. பாய்ப்படகோட்டம் அறியாதோரும் கரையில் கூடி நின்று பார்த்த போட்டி அது. 2017ஆம் ஆண்டு பெர்மியூடாவில் சற்றுச் சிறிய, 50 அடிக் கற்றமரான்களில் நியூஸிலாந்து 7-1 என வென்று பழிதீர்த்துக்கொண்டது. கைகளால் சுழற்றிப் பெறும் வலுவுக்குப் பதிலாக, சைக்கிள் மிதிப்பதைப் போன்று கால்களால் வலுவைப் பிறப்பித்த அவர்களது உத்தி பெரிதும் பேசப்பட்டது.

கிண்ணத்தைக் கைப்பற்றியவரே அடுத்த போட்டியின் விதிகளை வகுப்பதில் முதன்மை பெறுவது இக்கிண்ணத்தின் விசித்திர மரபாகும். கற்றமரானில் வென்ற நியூஸிலாந்தே, இத்தாலியச் சவாலரின் இணக்கத்துடன், கற்றமரானைக் கைவிட்டது. 2021ஆம் ஆண்டு ஒக்லாந்திலும் 2024ஆம் ஆண்டு பார்சலோனாவிலும் போட்டியிட்டவை 75 அடி ஒற்றையுடல் படகுகளே. எனினும் அவையும் இருபுறமும் நீட்டிய கைகளின் நுனியிலுள்ள தகடுகளின் மீது பறப்பவை. அவற்றின் ஒற்றை உடல் ஓட்டத்தின்போது நீரைத் தீண்டுவதே அரிது. பெயரளவில் மரபு மீண்டது. உள்ளீட்டில் கற்றமரான் கற்பித்த பாடமே தொடர்கின்றது.

கைவிடப்பட்ட 50 அடிக் கற்றமரான்களோ வேறு வழியில் வாழ்கின்றன. எலிசனும் நியூஸிலாந்தின் ரசல் கூட்ஸும் இணைந்து உருவாக்கிய செயில் ஜி.பி. என்ற தொடர் 2019ஆம் ஆண்டு சிட்னியில் ஆரம்பமாயிற்று. ஒரே மாதிரியான கற்றமரான்களில் நாடுகளின் பெயரால் அணிகள் போட்டியிடும் இத்தொடரில், முதலாம் ஆண்டிலேயே அவுஸ்திரேலிய அணி மணிக்கு 50 கடல்மைல், அதாவது சுமார் 92 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியது. பிரேசிலின் ஒலிம்பிக் வீராங்கனை மார்த்தினே கிராயல் இத்தொடரில் படகின் சுக்கானைப் பொறுப்பேற்ற முதலாவது பெண்மணியாவார். அவரது சிறிய தந்தையார் லார்ஸ் கிராயல் டொர்னாடோவில் இருமுறை வெண்கலம் வென்றவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

சமுத்திரங்களைக் கடக்கும் நெடும் போட்டிகளிலும் கற்றமரானுக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 1993ஆம் ஆண்டு பிரான்ஸின் புரூனோ பெய்ரோன் கற்றமரான் ஒன்றில் முதன்முதலாக 80 நாட்களுக்குள் உலகைச் சுற்றிவந்தார். 2005ஆம் ஆண்டில் அவரே அதனை 50 நாட்களாகச் சுருக்கினார். பின்னர் அவ்விடத்தை மூவுடல் படகுகள் பெற்றுக்கொண்டன.

எமக்குரிய பாடம்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கும்போது கற்றமரானின் இடம் எத்தகையது என்பது புலனாகின்றது. தொழில்நுட்பத்தில் அது முன்னணியில் உள்ளது. அங்கீகாரத்தில் அது எப்போதும் அடுத்த வாக்கெடுப்பையோ அடுத்த வெற்றியாளரின் விருப்பையோ எதிர்பார்த்து நிற்கின்றது. ஒலிம்பிக்கில் நாடுகளின் வாக்குகளும் அமெரிக்கக் கிண்ணத்தில் பணபலமும் அதன் விதியை நிர்ணயிக்கின்றன. தகுதி மாத்திரம் ஓரிடத்தைப் பெற்றுத் தந்துவிடாது. விதிகள் எழுதப்படும் மேசையில் குரல் இருக்க வேண்டும் என்பது விளையாட்டுக்கு அப்பாலும் பொருந்தும் உண்மையாகும். அதனை எமது மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை.

1300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட கரையோரத்தைக் கொண்ட இந்நாட்டின் நிலை என்ன? கண்டுபிடிப்பாளராகவும் பெயர்பெற்ற ரே விஜேவர்தன 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்ப்படகோட்டத்தில் பங்குபற்றினார். ஆனால் ஒலிம்பிக் பாய்ப்படகோட்டத்தில் இலங்கை இதுவரை பதக்கம் எதனையும் பெற்றதில்லை. மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, புத்தளம் ஆகிய கரைகளில் கச்சானையும் சோழகத்தையும் வாடையையும் கொண்டலையும் நாட்காட்டியைப் போன்று அறிந்து வைத்திருந்த தமிழ், முஸ்லிம் மீனவர்களின் அறிவு எந்தப் பாடநூலிலும் இல்லை. இயந்திரப் படகுகளின் வருகையுடன் பாயும் மங்கிப்போய், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர் கண்ணாடியிழைப் படகுகள் பெருகியதுடன் கட்டுமரமும் தெப்பமும் மேலும் அருகின. போர்க்காலத்தில் கடல் என்பது தடைசெய்யப்பட்ட வலயமாகவே ஒரு தலைமுறைக்கு அறிமுகமாகியது. அத்தலைமுறையின் பிள்ளைகளுக்குக் கடல் அச்சத்தின் பெயராக அன்றி, ஆற்றலின் களமாக அறிமுகமாக வேண்டாமா?

கோடிகள் செலவாகும் அமெரிக்கக் கிண்ணத்தைப் பற்றி நாம் இங்கு பேசவில்லை. மணலிலிருந்து தள்ளிச் செல்லக்கூடிய சிறு கடற்கரைக் கற்றமரானுக்குத் துறைமுகம் தேவையில்லை. எமது களப்புகள் பயிற்சிக்கு ஏற்ற அமைதியான நீர்நிலைகள். கற்பிட்டிக் களப்பின் காற்றைத் தேடி வெளிநாட்டவர் பட்டப் பலகைகளுடன் ஆண்டுதோறும் வருகின்றனர். அந்தக் காற்று அவர்களுக்கு மாத்திரம் உரியதல்ல. கரையோரப் பாடசாலைகள் சிலவற்றைத் தெரிவுசெய்து, நீச்சலையும் உயிர்காப்பையும் முதலில் கற்பித்து, முதிய மீனவர்களின் அனுபவத்தையும் இணைத்து, படிப்படியாகப் பாய்ப்படகோட்டத்தை அறிமுகப்படுத்துவது விளையாட்டுத்துறை அமைச்சுக்கும் மாகாண நிர்வாகங்களுக்கும் இயலாத காரியமன்று. ஆணும் பெண்ணும் சேர்ந்து செலுத்தும் பிரிவு என்பதால் எமது மாணவிகளுக்கும் இதில் சம இடம் உண்டு.

கடலே இல்லாத ஒஸ்திரியா இருமுறை தங்கம் வென்ற ஒரு விளையாட்டில், கடலால் சூழப்பட்ட நாம் பெயரை மாத்திரம் கொடுத்துவிட்டுக் கரையில் நிற்பது பெருமைக்குரியதல்ல. சொல்லைக் கொடுத்தவர்கள் என்ற பழம்பெருமை ஒருபுறம் இருக்கட்டும். அச்சொல்லைச் சுமந்து செல்லும் படகில் எமது பிள்ளைகளும் ஏறுவதற்கு வழிசெய்வதே இன்றைய தேவையாகும். உரியவர்கள் இதனைக் கவனத்திற்கொள்வார்களா?